பிடித்த மீனை உயிரோடு விடுவது எப்படி: குமரி மாவட்டத் தூண்டில்காரர்களுக்கு

கையிலிருந்து நழுவிய மீன் வாலை ஒரு முறை அடித்துவிட்டு நீருக்குள் மறைந்ததும், அது பிழைத்துவிட்டது என்று நம் மனம் ஆறுதல் கொள்கிறது. பல நேரங்களில் அந்த ஆறுதலுக்கு அடிப்படை இருப்பதில்லை. நீந்திப் போன மீன் சில மணி நேரம் கழித்தோ ஓரிரு நாள் கழித்தோ, நம் கண்ணுக்கு எட்டாத இடத்தில் இறந்துபோகக்கூடும். காரணம் கடும் களைப்பாக இருக்கலாம், செவுளில் பட்ட காயமாக இருக்கலாம், உடலின் மேல் இருந்த வழவழப்பு உரிந்துபோனதாகவும் இருக்கலாம். எதுவானாலும் அந்தச் சாவு தொடங்குவது, மீன் தூண்டிலில் மாட்டியது முதல் நம் கையை விட்டுப் போவது வரையுள்ள சில நிமிடங்களில்தான். ஆகவே மீனை விடுவிக்க விரும்புகிறவர், அதைக் கடைசியில் செய்யும் ஒரு செயலாக எண்ணக் கூடாது. எந்த முள்ளைக் கட்டுவது என்று முந்தின நாள் இரவு தீர்மானிக்கும்போதே விடுவிக்கும் வேலை தொடங்கிவிடுகிறது.

இதை நான் ஒரு கொடுவாயை இழந்துதான் கற்றுக்கொண்டேன். தேங்காய்ப்பட்டணத்தில் குழித்துறையாறு கடலில் சேரும் பொழிமுகத்தில், பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலையில், என் கை நீளத்துக்கு ஒரு கொடுவா மாட்டியது. விட்டுவிட வேண்டும் என்பதில் எனக்கு ஐயம் இருக்கவில்லை. ஆனால் அதற்கு முன் அதை மணலில் கிடத்தினேன், துவர்த்தால், அதாவது துண்டால், சுற்றித் தூக்கினேன், அண்ணன் கைப்பேசியைச் சரிசெய்யும் வரை காத்திருந்தேன், நிறுத்தி ஒன்றும் கிடத்தி ஒன்றுமாகப் படம் எடுத்துக்கொண்டேன். பிறகு நீரில் விட்டபோது அது மெதுவாக நீந்திப் போனது. மறுநாள் காலையில் அதே கரையில், கோரைப் புல்லின் இடையில் வெளுத்து மிதந்தது. அங்கே வலை காயப்போட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “மக்கா, விடணும்னா கைய நனச்சிட்டுத் தொடு, இல்லேங்கி சட்டிக்குக் கொண்டு போ.” இந்த வழிகாட்டியில் நான் சொல்ல வருவது பெரும்பாலும் அந்த ஒரு வாக்கியத்தின் விரிவுதான்.

கடலையே நம்பி வாழும் ஊர்கள் நிறைந்த மாவட்டம் இது. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை போன்ற ஊர்களின் மீனவர்கள் தூண்டில் கொண்டு ஆழ்கடலில் மீன் பிடிப்பதில் பெயர் பெற்றவர்கள். அவர்களிடம் போய் மீனை விடுங்கள் என்று சொல்வது இந்தக் கட்டுரையின் நோக்கம் அன்று. பொழுதுபோக்காகத் தூண்டில் போடுகிறவர்களுக்கும், வீட்டுக்கு ஒரு நேரக் குழம்புக்கு வேண்டியது கிடைத்த பிறகும் தூண்டிலைச் சுருட்ட மனமில்லாதவர்களுக்கும்தான் இதை எழுதுகிறேன்.

எந்த மீனை விடுவது என்ற கேள்விக்குச் சிறிய மீன் என்று மட்டும் விடை சொன்னால் அது பாதி விடைதான். கொடுவாயை எடுத்துக்கொள்வோம். அது பொதுவாக ஆணாகவே முதிர்ச்சி அடைந்து, சில ஆண்டுகள் கழித்துப் பெரிய உடலை எட்டியபின் பெண்ணாக மாறுகிறது. அப்படியானால் பொழிமுகத்தில் கிடைக்கும் மிகப் பெரிய கொடுவாய்கள் ஏறக்குறைய எல்லாமே முட்டையிடும் தாய்மீன்கள். கலவா மீன்களில் பெரும்பாலானவற்றுக்கு இது தலைகீழ்: அவை பெண்ணாகத் தொடங்கி, வளர்ந்தபின் ஆணாகின்றன. ஒரு பாறையிடுக்கில் இருக்கும் பெரிய கலவாய்களை எல்லாம் தொடர்ந்து எடுத்துவிட்டால், அங்கே எஞ்சியிருக்கும் பெண்மீன்களுக்கு ஆண்மீன் அரிதாகிவிடும். எனவே முதிராத சிறிய மீனையும், பெருமைக்காகத் தூக்கிக் காட்டத் தோன்றும் மிகப் பெரிய மீனையும் விட்டுவிட்டு, இடைப்பட்ட அளவில் ஒன்றிரண்டை உணவுக்கு வைத்துக்கொள்வதே எனக்குச் சரியாகப்படுகிறது.

இடமும் நேரமும்

போகும் இடத்தில் அனுமதி உண்டா என்பதை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். நம் மாவட்டத்துக் குளங்கள் பலவும் மீன்பாசி குத்தகைக்கு விடப்படுபவை. குத்தகைதாரர் குஞ்சு வாங்கி விட்டு வளர்க்கும் குளத்தில், விட்டுவிடத்தானே போகிறேன் என்று சொல்லிக்கொண்டு அவரைக் கேட்காமல் தூண்டில் போடுவது முறையன்று. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, சிற்றாறு அணைகளிலும் அப்படியே. சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலாகிய ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அது சுசீந்திரம், தேரூர், மணக்குடி ஆகியவற்றைச் சேர்த்து அறிவிக்கப்பட்ட பாதுகாப்புக் காப்பகத்தின் பகுதி என்பதால், அந்தப் பக்கத்துக் குளங்களிலும் மணக்குடிக் காயலிலும் வனத்துறையிடம் கேட்டுத் தெளிந்த பிறகே தூண்டிலை எடுக்க வேண்டும்.

கடற்கரையில் எழுத்தில் இல்லாத உரிமைகள் உண்டு. கரையில் நின்று கரமடி வலை இழுக்கும் இடத்திலும் வள்ளம் ஏற்றும் துறையிலும் நின்றுகொண்டு நரம்பை, அதாவது தூண்டில் இழையை, வீசக் கூடாது. ஊர்க்காரர் ஒருவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நின்றால், எங்கே பாறை, எங்கே சுழி என்பதையும் அவரே சொல்லித் தருவார். விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் நம் மாவட்டத்தில் இரண்டு முறை வருகிறது: கிழக்குப் பகுதியாகிய சின்னமுட்டம் பக்கத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலும், குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் உள்ள மேற்குப் பகுதியில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையிலும், ஒவ்வொன்றும் 61 நாட்கள். கரையில் நின்று தூண்டில் போடுகிறவரை இது கட்டுப்படுத்தாது என்றாலும், மீன் இனம் பெருகட்டும் என்று ஓர் ஊரே படகைக் கட்டிவைத்திருக்கும் நாட்களில் பொழுதுபோக்குத் தூண்டில்காரர் முட்டை நிறைந்த மீனைத் துன்புறுத்தாமல் இருப்பது நல்லது.

நேரத்தைப் பொறுத்தவரை வெப்பமே முதல் கணக்கு. நீர் சூடாகச் சூடாக அதில் கரைந்து நிற்கும் ஆக்சிஜன் குறைகிறது. 20 பாகை செல்சியசில் ஒரு லிட்டர் நன்னீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 பாகையில் அது ஏழரை மில்லிகிராமாக இறங்கிவிடுகிறது. அதே வேளையில், சூடான நீரில் மீனின் உடல் கூடுதலான ஆக்சிஜனைக் கேட்கிறது. மார்ச் முதல் மே வரையுள்ள நண்பகல்களில் ஆழமில்லாத குளத்திலோ, பொழி அடைபட்டுத் தேங்கிக் கிடக்கும் காயலிலோ போராடிக் களைத்த மீன், நாம் எத்தனை பக்குவமாகக் கையாண்டாலும் மீள்வது கடினம். அந்த நேரத்தில் மீனை விடுவிக்கும் எண்ணத்தோடு தூண்டில் போடாமல் இருப்பதே நேர்மை.

விடியற்காலை எப்போதும் நல்லது என்ற பொதுக்கருத்திலும் ஒரு திருத்தம் வேண்டும். தாமரையும் பாசியும் மூடிய குளங்களில், அந்தச் செடிகள் இரவு முழுவதும் நீரிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொண்டிருக்கும். அதனால் அத்தகைய குளத்தில் ஆக்சிஜன் மிகக் குறைந்திருப்பது சூரியன் எழுவதற்குச் சற்று முன்புதான். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தால் அதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். அங்கே வெயில் ஏறி ஒன்றிரண்டு மணி நேரம் சென்றபின் தொடங்க வேண்டும். ஓடும் ஆற்றிலும் கடலோரத்திலும் இந்தச் சிக்கல் இல்லாததால் விடியலிலேயே தொடங்கலாம்.

முள், நரம்பு, கைவலை

தூண்டில்முள்ளின் நுனிக்குச் சற்றுக் கீழே, பின்னோக்கி நிற்கும் சிறிய எதிர்முள் ஒன்று இருக்கும். மீன் கழன்றுவிடாமல் பிடித்துக்கொள்வதற்காக இருக்கும் அதுவே, நாம் கழற்றும்போது தசையைக் கிழிக்கிறது. குறட்டால் அதை நசுக்கிப் படுக்க வைத்துவிட்டால், விடுவிக்கும் வேலை பாதி முடிந்தது. சரியாக நசுங்கியிருக்கிறதா என்று பார்க்க, முள்ளை ஒரு துணியில் குத்தி எடுத்துப் பாருங்கள். நூல் இழுபடாமல் வந்தால் போதும். இப்படிச் செய்தால் மீன் அதிகம் தப்பிவிடுமே என்று தயங்குகிறவர்களுக்கு என் பட்டறிவிலிருந்து சொல்கிறேன்: நரம்பைத் தளரவிடாமல் இழுத்துக்கொண்டே இருந்தால் தப்பும் மீன்கள் மிகச் சிலவே. தவிர, நம் கையில் முள் ஏறிவிட்டாலும் அது வந்த வழியே எளிதில் வெளியே வந்துவிடும்.

சாளையோ இறாலோ கோத்து இரையோடு போடுகிறவர்கள் வட்டமுள்ளுக்கு மாறிவிட வேண்டும். அதன் நுனி உள்நோக்கி, தண்டைப் பார்த்து வளைந்திருக்கும். மீன் இரையை விழுங்கிக்கொண்டு திரும்பி ஓடும்போது, அந்த முள் தொண்டையில் பிடிக்காமல் வழுக்கி வந்து வாயின் ஓரத்தில் ஏறுகிறது. இதற்கு நாம் ஒரு பழக்கத்தைக் கைவிட வேண்டும்: கொத்தியவுடன் கம்பைச் சுண்டி இழுக்கக் கூடாது. மீன் தானே ஓடி நரம்பை இறுக்கட்டும், நாம் மெதுவாகச் சுற்றத் தொடங்கினால் போதும். சிறுவயதிலிருந்து சுண்டியே பழகிய கைக்கு இது எளிதன்று. எனக்கு ஒரு பருவமே பிடித்தது. செயற்கை இரை வீசுகிறவர்கள், அதில் தொங்கும் மும்முள்களைக் கழற்றிவிட்டு ஒற்றை முள்களை மாட்டிக்கொள்ளலாம். மும்முள்ளின் ஒரு நுனி வாயில் இருக்கும்போது மற்றொன்று கண்ணிலோ செவுளிலோ ஏறிவிடும் கொடுமையை ஒரு முறை பார்த்தவர் மறுபடி அதைக் கட்ட மாட்டார்.

மெல்லிய தங்கூஸ் நரம்பில் பெரிய மீனைப் பிடிப்பது திறமை என்று பேசப்படுகிறது. உணவுக்குப் பிடிப்பவருக்கு அது திறமையாக இருக்கலாம். விடுவிக்க நினைப்பவர் அப்படிச் செய்யலாகாது. நீண்ட நேரம் போராடும் மீனின் தசைகளில் லாக்டிக் அமிலம் சேர்ந்து, அதன் இரத்தத்தின் தன்மையே மாறிவிடுகிறது. அங்கே கிடைக்கக்கூடிய மீனின் வலிமைக்கு ஒரு படி கூடுதலான நரம்பைக் கட்டி, சீக்கிரமாகக் கரைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.

கைவலை வைத்திருந்தால் அது முடிச்சில்லாத, ரப்பர் பூசிய வலையாக இருக்கட்டும். முடிச்சுப் போட்ட நைலான் வலை செதிளை உரித்து, துடுப்பைப் பிளந்துவிடும். நீண்ட மூக்குள்ள குறடு ஒன்றும், நரம்பை வெட்டக் கத்தரி ஒன்றும் பையின் அடியில் கிடக்காமல், கயிற்றில் கட்டி இடுப்பில் தொங்க வேண்டும். மீன் கையில் இருக்கும்போது குறட்டைத் தேடும் அரை நிமிடம் அந்த மீனுக்கு மிக நீண்டது.

கையில் எடுக்கும் முன்னும் பின்னும்

மீனைத் தொடாமலே விடுவிக்க முடிந்தால் அதுவே மிகச் சிறந்தது. ஆழமில்லாத இடத்தில் நரம்பைப் பிடித்து மீனை அருகே கொண்டுவந்து, அது நீருக்குள் இருக்கும்போதே குறட்டால் முள்ளின் வளைவைப் பிடித்துத் திருப்பினால், எதிர்முள் இல்லாத முள் உடனே கழன்றுவிடும். மீனும் நம் கையைத் தொடாமலே போய்விடும்.

தொட்டே ஆக வேண்டும் என்றால் கையை முழங்கை வரை அந்த நீரிலேயே நனைத்துக்கொள்ள வேண்டும். மீனின் தோல்மேல் உள்ள வழவழப்பு அழுக்கன்று. கிருமிகளும் பூஞ்சையும் உள்ளே புகாமல் தடுக்கும் காப்பு அது. உடலின் உப்பும் நீரும் நிலைகுலையாமல் இருக்கவும் அது உதவுகிறது. உலர்ந்த கை, உலர்ந்த மணல், சுட்ட பாறை, படகின் சூடான பலகை இவை எல்லாம் அதை உரித்துவிடும். மீன் வழுக்காமல் இருக்கத் துவர்த்தால் சுற்றிப் பிடிப்பது நம் ஊர் வழக்கம். சமையலுக்குக் கொண்டு போகும் மீனுக்கு அது சரி, விடப்போகும் மீனுக்கு அது கேடு. நன்றாக நனைத்த துணியை மீனின் கண்மேல் மட்டும் மெல்லப் போர்த்தினால், வெளிச்சம் மறைந்து பல மீன்கள் துள்ளாமல் அமைதியாகின்றன. கையில் கொசு மருந்தோ வெயில் கிரீமோ பூசியிருந்தால், தூண்டிலைத் தொடுவதற்கு முன்பே கழுவிவிடுங்கள்.

தூக்கும்போது ஒரு கை வாலின் அடியையும் மற்றொரு கை வயிற்றின் கீழ்ப்பகுதியையும் தாங்க, மீன் நீரில் கிடப்பது போலவே கிடைமட்டமாக இருக்க வேண்டும். பெரிய மீனைத் தாடையில் கிரிப்பர் மாட்டிச் செங்குத்தாகத் தொங்கவிடுவது இப்போது படங்களில் அதிகம் காணப்படுகிறது. நீரில் எடையே உணராத உடல் அது. காற்றில் தன் முழுப் பாரத்தையும் தாடையிலும் முதுகெலும்பிலும் தாங்க அது படைக்கப்படவில்லை. செவுள் மூடிக்குள் விரலை விட்டுத் தூக்குவது இன்னும் மோசமானது. எடை பார்க்க வேண்டும் என்றால், நனைத்த துணித் தொட்டிலில் வைத்துத் தராசில் மாட்டுங்கள். தொட்டிலின் எடையைப் பிறகு கழித்துக்கொள்ளலாம்.

காற்றில் இருக்கும் நேரத்துக்கு நான் வைத்திருக்கும் அளவு பத்து வினாடி. மீனைத் தூக்கும்போது நானும் மூச்சை அடக்கிக்கொள்கிறேன். எனக்கு மூச்சு முட்டுவதற்கு முன் அது நீருக்குள் போய்விட வேண்டும். செவுளின் மெல்லிய இழைகள் நீரில் விரிந்து நிற்பவை. காற்றில் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால், ஓடி முடித்துத் திணறும் ஒருவரின் மூக்கையும் வாயையும் பொத்தியது போன்ற நிலை மீனுக்கு ஏற்படுகிறது. படம் எடுப்பதாக இருந்தால், எடுப்பவர் முதலில் ஆயத்தமாகட்டும். மீன் நீருக்குள்ளேயே காத்திருக்கட்டும். தூக்கும்போது நீருக்கு ஒரு சாண் உயரத்தில் தூக்கினால், துள்ளி விழுந்தாலும் நீரிலேயே விழும்.

இதனால்தான் முட்டத்துப் பாறைகளின் உச்சியிலும், கடலரிப்பைத் தடுக்கக் கல் கொட்டிக் கட்டிய தூண்டில் வளைவுகளின் உயரமான கற்களின் மேலும் நின்று மீனை விடுவிக்க முயல்வதை நான் ஆதரிப்பதில்லை. அங்கே மீனை நரம்பிலேயே தொங்கவிட்டுப் பல அடி உயரம் ஏற்ற வேண்டும். பிறகு அங்கிருந்து எறிய வேண்டும். எறியப்பட்ட மீன் நீரில் விழும்போது படும் அடி சிறியதன்று. நீருக்குக் கை எட்டும் இடத்தில் நிற்க முடியாவிட்டால், அன்று பிடிப்பது உணவுக்கு என்று வைத்துக்கொண்டு, போதுமானது கிடைத்ததும் நிறுத்திவிடலாம்.

முள் தொண்டைக்குக் கீழே போய்விட்டால் என்ன செய்வது என்பதில்தான் நல்ல மனம் படைத்தவர்களே அதிகம் தவறுகிறார்கள். முள்ளோடு விடுவது கொடுமை என்று எண்ணி, குறட்டை உள்ளே விட்டுத் திருகி, செவுளையும் இதயத்தையும் கிழித்துவிடுகிறார்கள். மீனின் இதயம் தொண்டைக்கு மிக அருகில், செவுளுக்குச் சற்றுப் பின்னால் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். முள்ளின் வளைவு கண்ணுக்குத் தெரியவில்லை என்றால், நரம்பை முடிந்த அளவு முள்ளுக்கு அருகில் வெட்டிவிட்டு உடனே விடுவதே அந்த மீனுக்குக் கிடைக்கும் மிக நல்ல வாய்ப்பு. பல மீன்கள் அந்த முள்ளை நாளடைவில் வெளியேற்றிவிடுகின்றன, அல்லது அதைச் சுற்றித் தசை மூடிக்கொள்கிறது. சாதாரண இரும்பு முள் துருப்பிடித்து உதிரும், ஸ்டெயின்லெஸ் முள் நெடுங்காலம் அப்படியே கிடக்கும். இதனால் ஸ்டெயின்லெஸ் முள்ளை நான் கட்டுவதில்லை. செவுளிலிருந்து இரத்தம் கொட்டும் மீன் பிழைப்பது அரிது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

நீருக்குள் திருப்பி அனுப்புவது

களைக்காத மீனை நீரில் இறக்கிக் கையைத் திறந்தால் போதும், அது போய்விடும். களைத்த மீனுக்குச் சற்று நேரம் கொடுக்க வேண்டும். அதன் தலை நீரோட்டத்தை எதிர்த்து இருக்குமாறு, முதுகு மேலே இருக்கும்படி நிமிர்த்தி, வாலடியை ஒரு கையால் தளர்வாகப் பிடித்து வயிற்றை மற்றொரு கையால் தாங்கிக்கொள்ளுங்கள். வாய் வழியே நுழையும் நீர் செவுள் வழியே வெளியேறும்; மீன் மூச்சு விடும் திசை அது ஒன்றே. முன்னும் பின்னுமாக மீனை ஆட்டுவது பலரும் செய்யும் தவறு. பின்னோக்கி இழுக்கும்போது செவுளுக்குள் நீர் தலைகீழாகப் பாய்கிறது. ஓட்டமில்லாத குளத்தில் மீனை முன்னோக்கி மட்டும், வட்டமாக நகர்த்திக்கொண்டு வரலாம்.

எப்போது விடலாம் என்பதை மீனே சொல்லும். பக்கவாட்டில் மெல்லச் சாய்த்தால் அது தானே நிமிர வேண்டும்; சாய்க்கும்போது அதன் கண் உடலோடு சேர்ந்து சுழலாமல் மட்டமாக நிற்க முயல வேண்டும்; வாலை அழுத்தினால் உதறிக்கொண்டு ஓடப் பார்க்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் கையை எடுத்துவிடலாம். சாய்த்தபடியே கிடந்தால் இன்னும் காத்திருங்கள். மேலே வட்டமிடும் பருந்தையும், சுற்றிலும் நீந்தும் பெரிய மீனையும் கவனித்து, ஒதுக்கமான இடத்தில் விடுங்கள். பொழிமுகத்து உப்புநீரில் பிடித்ததை அதே நீரிலேயே விட வேண்டும். ஆற்றில் மேலே தூக்கிக்கொண்டு போய் விடுவது உதவியாகாது.

குளத்து மீன்கள்

விரால் காற்றையும் சுவாசிக்கும் மீன். அதனால் மற்ற மீன்களைவிடக் கையாளுதலைத் தாங்கும். ஆனால் அதற்கு வேறோர் இடர் உண்டு. மழைக்காலத்தில் குளத்தின் ஓரத்தில், சிவந்த சிறு குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து வந்து மூழ்குவதைக் கண்டிருப்பீர்கள். அதன் அடியில் தாயும் தந்தையும் காவல் நிற்கும். அந்தக் கூட்டத்தின் மேல் இரையைப் போட்டால், காக்கும் வெறியில் பெரிய விரால் தவறாமல் பாயும். அதைப் பிடித்து ஐந்து நிமிடத்தில் விட்டுவிட்டாலும், அந்த ஐந்து நிமிடத்துக்குள் கெண்டையும் கெளுத்தியும் குஞ்சுகளைத் தின்றுவிடக்கூடும். குஞ்சுத் திரளைக் கண்டால் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிட வேண்டும். கரிமீனும் இணையாக நின்று முட்டையையும் குஞ்சையும் காக்கும் மீன். தெளிந்த நீரில் ஓரிடத்தை விட்டு அகலாமல் சுற்றும் இணையைக் கண்டால் அதற்கும் இதே விதி.

விடவே கூடாத மீன்களும் உள்ளன. ஆப்பிரிக்கக் கெளுத்தி நம் நீர்நிலைகளின் சொந்த மீன்களைத் தின்று பெருகுவதால், இந்தியாவில் அதை வளர்ப்பதற்குத் தடை விதிக்கப்பட்டிருக்கிறது. மீன்தொட்டிகளிலிருந்து தப்பி வந்த, உடல் முழுவதும் எலும்புத் தட்டு மூடிய டேங்க் கிளீனர் மீனும் அப்படியே. சிலேபியும் வெளியிலிருந்து வந்ததுதான், ஆனால் அது நல்ல உணவு. இவை சிக்கினால் இரக்கப்பட்டு மறுபடி குளத்தில் விடுவது, அந்தக் குளத்தின் விராலுக்கும் கெண்டைக்கும் செய்யும் தீங்காக முடியும்.

ஆழத்திலிருந்து வரும் மீன்

குமரிமுனைக்குத் தெற்கே உள்ள வாட்ஜ் பேங்க், 1976-ஆம் ஆண்டு இலங்கையோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தால் இந்தியாவின் உரிமை என்று உறுதியான வளமான மீன்பிடித் திட்டு. அத்தகைய ஆழங்களிலும், கரையிலிருந்து படகில் எட்டும் பாறைகளிலும் கலவா பிடிக்கிறவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேல்மட்டத்தைப் போல இரு மடங்கு. முப்பது மீட்டரில் நான்கு மடங்கு. அங்கிருந்து மீனை விரைவாக மேலே இழுத்தால், அதன் காற்றுப்பை அதே கணக்கில் விரிகிறது. கண் பிதுங்கி, இரைப்பை வாய்வழியே வெளியே தள்ளியிருப்பது இதனால்தான். அப்படிப்பட்ட மீனை மேலே விட்டால் மூழ்க முடியாமல் மிதந்து, வெயிலிலும் பறவையின் வாயிலும் சாகும். வெளியே தள்ளிய இரைப்பையைக் காற்றுப்பை என்று நினைத்து ஊசியால் குத்துவது பெரும் பிழை.

அதை ஆழத்துக்கே இறக்கிவிடுவதுதான் வழி. எதிர்முள் நசுக்கிய பெரிய முள் ஒன்றை எடுத்து, அதன் காதில் ஒரு கிலோ அளவு ஈயத்தையும், வளைவின் வெளிப்புறத்தில் கயிற்றையும் கட்டினால் முள் தலைகீழாகத் தொங்கும். அதை மீனின் கீழுதட்டு மெல்லிய தோலில் மாட்டி, ஈயத்தோடு கீழே இறக்கி, பிடித்த ஆழத்தை எட்டியதும் கயிற்றை ஒரு முறை சுண்டினால் முள் கழன்றுவிடும். அழுத்தம் திரும்பியதும் காற்றுப்பை சுருங்கி, மீன் நிலைக்கு வருகிறது. இதைச் செய்யப் பொறுமை இல்லாத நாளில் ஆழத்தில் தூண்டில் இறக்க வேண்டாம்.

திருக்கை, கடல்பாம்பு, பேத்தை ஆகியவை மாட்டினால் தூக்கவே கூடாது, நரம்பை வெட்டிவிடுங்கள். ஆமை சிக்கினால், அது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ள உயிர். இழுக்காமல் அருகே கொண்டுவந்து, முள் வெளியே தெரிந்தால் கழற்றி, இல்லையேல் நரம்பைக் குட்டையாக வெட்டி விட்டுவிட்டு, வனத்துறைக்குத் தகவல் சொல்ல வேண்டும். கெளுத்தியின் முள்ளோ திருக்கையின் முள்ளோ குத்திவிட்டால், தாங்கக்கூடிய அளவு சூடான நீரில், அதாவது 45 பாகையை மிஞ்சாத சூட்டில், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை காயத்தை மூழ்க வைத்தால் வலி தணியும். பிறகு மருத்துவரிடம் போக வேண்டும்.

மீனைக் காக்கப் போனவர் தம்மையும் காத்துக்கொள்ள வேண்டும். காற்றே இல்லாத தெளிந்த நாளில், தெற்கே தொலைதூரக் கடலில் எழுந்த புயலின் அலை நம் கரையில் வந்து ஏறுவதைத்தான் கள்ளக்கடல் என்கிறோம். 2024 மே 6-ஆம் நாள் கணபதிபுரத்தை ஒட்டிய லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அப்படிப்பட்ட அலையில் உயிரிழந்தனர். ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் இதற்கு முன்னெச்சரிக்கை வெளியிடுகிறது. எச்சரிக்கை உள்ள நாளில், மீனை நீரில் தாங்கிப் பிடிக்கக் குனிந்து நிற்கும் அந்த ஒரு நிமிடம் போதும், பாறையிலிருந்து மனிதரை அடித்துச் செல்ல.

வெட்டிய நரம்புத் துண்டுகளைச் சட்டைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். கரையில் விட்ட தங்கூஸ் பல ஆண்டுகள் மக்காமல் கிடந்து, கொக்கின் காலிலும் நாரையின் அலகிலும் சுற்றிக்கொள்கிறது.

இனி, மேலே தள்ளிவைத்த ஒன்று. செவுளிலிருந்து இரத்தம் வழிகிற, பத்து நிமிடம் தாங்கிப் பிடித்தும் நிமிராத மீனை, விடுவிக்க வேண்டும் என்ற உறுதிமொழிக்காக நீரில் தள்ளிவிட வேண்டாம். அந்த இனத்தைப் பிடிப்பதற்குச் சட்டம் இடம் தருமானால், கண்களுக்குச் சற்றுப் பின்னால், தலையின் உச்சியில் ஒரு கட்டையால் உறுதியாக ஒரே அடி அடித்தால் அது துன்பமின்றி அடங்கும். உடனே பனிக்கட்டியில் வையுங்கள். அன்றைய தூண்டிலை அத்தோடு சுருட்டிக்கொண்டு, வீட்டுக்கு வந்து அதைப் புளிமுளம் என்னும் நம் ஊர் மீன்குழம்பாக வையுங்கள்.